காப்பு கட்டின கையும் கம்பெனி கேட்டும்

குடியாத்தத்தில் வைகாசி 1ஆம் தேதி கெங்கையம்மன் சிரசு, அம்மன் தலையை ஊர்வலமாகக் கொண்டுவரும் திருவிழா. முத்தியாலம்மன் கோயிலில் புறப்படும் சிரசு கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு வந்து சேரும். அங்கே உடலில் பொருத்திக் கண் திறப்பார்கள். அன்றைக்கு மாவட்ட நிர்வாகம் உள்ளூர் விடுமுறை விடுவதுண்டு. அது அரசு அலுவலகத்துக்கும் பள்ளிக்கும்தான். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை வேலை நாளாகும் என்று அந்த உத்தரவிலேயே இருக்கும். ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ வேலை செய்கிறவரை அது சேராது. இது தெரியாமல் ‘கலெக்டரே லீவு விட்டுட்டாரு’ என்று நின்றுவிட்டு, மறுநாள் மெமோ வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

குலதெய்வமும் ஊர் அம்மனும் கும்பிடுகிறவர்களுக்கு வேலையிடத்தில் வரும் தொல்லை பெரும்பாலும் இப்படித்தான், லீவு என்ற பெயரில், ஆரம்பிக்கும். ‘உன் சாமி மட்டம்’ என்று எந்த மெமோவிலும் யாரும் எழுத மாட்டார்கள். தீபாவளிக்கு நாலு நாள் சேர்த்துக் கொடுக்கிற சூப்பர்வைசர், திரௌபதியம்மன் தீமிதிக்கு ஒரு நாள் கேட்டால் ‘இன்னாப்பா, ஊர்த் திருவிழாவுக்கெல்லாம் லீவா?’ என்பார். சபரிமலைக்கு மாலை போட்டவரின் தாடிக்கும் கறுப்பு வேட்டிக்கும் கண்ணை மூடிக்கொள்கிற ஆபீஸ், மாரியம்மனுக்குக் காப்பு கட்டியவரிடம் யூனிஃபார்ம் எங்கே என்று கேட்கும். வேறு மதத்து முதலாளியிடமிருந்துதான் இது வரும் என்று நினைத்தால் தப்பு. பெரிய கோயில் கும்பிடுகிற இந்து மேனேஜரிடமிருந்து வருவதும் குறைவில்லை. ‘சிறுதெய்வம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தில்தான் அது இருக்கிறது. எந்த ஊரிலும் யாரும் தன் முனீஸ்வரனைச் சிறுசு என்று சொல்லிக் கும்பிடுவதில்லை.

‘உங்க குலதெய்வம் எது?’ என்ற கேள்வியையும் இதோடு சேர்க்க வேண்டும். நேர்முகத் தேர்விலோ சேர்ந்த புதிதிலோ சிரித்துக்கொண்டே கேட்பார்கள். எந்த ஊர், எந்தச் சாமி, படையலில் என்ன என்று மூன்று பதில் வந்தால் சாதி தெரிந்துவிடும். கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிறவருக்கும் தெரியும். ‘எங்க ஊர் அம்மன்தான் சார்’ என்று சொல்லி நிறுத்திக்கொள்வது போதும். அதற்கு மேல் சொல்லும் கடமை யாருக்கும் இல்லை. பட்டியல் சாதியினரைச் சாமியின் பெயரால் நாலு பேர் பார்க்கச் சாதியைக் குறிவைத்து இழிவுபடுத்தினால், அது மதப் பிரச்சினையாக மட்டும் நிற்காது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்குள் வரும். வெறும் கிண்டலுக்கு அந்தச் சட்டம் நிற்காது. சாதி நோக்கம் தெரிய வேண்டும். பார்த்த சாட்சி வேண்டும்.

சட்டம் எதைக் கொடுக்கிறது, எதைக் கொடுக்கவில்லை என்பதில் தெளிவு வேண்டும். அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு வழிபாட்டு உரிமை தருகிறது. 16(2) அரசு வேலையில் மதம், சாதி பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. இரண்டும் அரசைக் கட்டுப்படுத்துபவை. தனியார் முதலாளியை ‘மதப் பாகுபாடு காட்டினாய்’ என்று நேராகக் கூண்டில் ஏற்றும் பொதுச் சட்டம் நம்மிடம் இல்லை. அதனால் முதல் கடிதத்திலேயே 25ஆம் பிரிவை எழுதி அனுப்புவதில் பயனில்லை. மேனேஜ்மென்ட் வக்கீலிடம் ஓடும், அவ்வளவுதான். நமக்கு உதவுவது தொழிலாளர் சட்டம். அதில் சாமி பெயரே இருக்காது. விடுமுறையும் நாள் கணக்கும்தான் இருக்கும்.

அதிலும் முதலில் எடுக்க வேண்டியது, பலர் பெயர்கூடக் கேள்விப்படாத ஒன்று: 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய 4 நாளும் கட்டாயம். அதற்கு மேல் 5 பண்டிகை நாள். அந்த 5 எவை என்று சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து ஆய்வாளர் குறிப்பார் என்றுதான் இருக்கிறது. நடைமுறையில் நடப்பது வேறு. வருஷக் கடைசியில் எச்.ஆர். போன வருஷப் பட்டியலில் தேதியை மட்டும் மாற்றி, தொழிலாளர் பிரதிநிதி என்று யாரோ ஒருவரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார். சிரசு, மயானக் கொள்ளை, ஆடிக் கூழ் எதுவும் அதில் ஏறுவதே இல்லை, ஏனென்றால் யாரும் கேட்டதே இல்லை.

கேட்க வேண்டிய நேரம் நவம்பர். வைகாசியில் கேட்டால் பட்டியல் முடிந்து ஐந்து மாதம் ஆகியிருக்கும். உங்கள் பிரிவில் எத்தனை பேர் எந்த ஊர், எந்தத் திருவிழா என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். குடியாத்தம் சுற்றுவட்டாரத்துக் கம்பெனியில் சிரசுக்கு ஆள் சேரும். வேலூரில் பாலாற்றங்கரை மயானக் கொள்ளைக்குச் சேரும். அது மகா சிவராத்திரிக்கு மறுநாள், மாசி அமாவாசையில் வருவது; ராத்திரி முழுக்க விழித்திருந்தவருக்கு மறுநாள்தான் லீவு தேவை என்பதை எச்.ஆருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். பத்து ஊர் ஆட்கள் கலந்த இடத்தில் ஒரு ஊர் திருவிழாவுக்கு மற்றவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அங்கே 5 நாளில் ஒன்றை மட்டும் பொதுவான ஆடி நாளாகக் கேட்டு, மீதியைத் தனித்தனி லீவில் பார்த்துக்கொள்வதே நடக்கிற காரியம். ரம்ஜான், பக்ரீத், கிறிஸ்துமஸ் நாளைத் தட்டிவிட்டு நம் நாளை வைக்கப் பார்க்காதீர்கள். அப்படிக் கேட்ட இடத்தில் அடுத்த வருஷம் ஒத்துழைக்க ஆள் இருக்காது. பட்டியலில் ஏறிய நாளில் வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளமும் வேறொரு நாள் சம்பளத்தோடு விடுமுறையும் தர வேண்டும்.

பட்டியலில் ஏறாத திருவிழாவுக்குச் சொந்த லீவுதான். தொழிற்சாலையில் 20 நாள் வேலைக்கு 1 நாள் சம்பளத்தோடு லீவு. அதற்குப் பழைய தொழிற்சாலைச் சட்டத்தில் வருஷத்துக்கு 240 நாள் வேலை செய்திருக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் 180 நாள். கடை, தனியார் அலுவலகம் என்றால் தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டப்படி ஒரு வருஷம் முடித்தவருக்கு 12 நாள் விடுப்பு, 12 நாள் தற்செயல் விடுப்பு, 12 நாள் நோய் விடுப்பு. அரசு ஊழியருக்கு 3 நாள் மத விடுப்பு தனியாக உண்டு. அரசு வெளியிடும் பட்டியலில் உள்ள நாட்களுக்குத்தான் அது செல்லும். ஊர்க் கெங்கையம்மனுக்குத் தற்செயல் விடுப்பைத்தான் எடுக்க வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். தொழிற்சாலை லீவுக்கு 15 நாள் முன்பு எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது பழைய சட்டத்தின் விதி. கம்பெனிகள் அதையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நம் திருவிழாவுக்கோ தேதி வைப்பதே ஊர்க்கூட்டம். நாட்டாண்மைகள் உட்கார்ந்து, சில ஊரில் அம்மனிடம் பூ வாக்குக் கேட்டு, காப்பு கட்டுவதற்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் முடிவாகும். நோட்டீஸ் அச்சாகிக் கைக்கு வர இன்னும் நாலு நாள். இதற்கு இரண்டு கடிதம் கொடுப்பதுதான் வழி. முதல் கடிதம் ஒன்றரை மாதம் முன்பு, தேதி இல்லாமல். இரண்டாவது, தேதி முடிவான அன்றே, நோட்டீஸ் நகலோடு. முதல் கடிதம் இந்த அளவு இருந்தால் போதும்:

“ஐயா, நான் ஃபினிஷிங் பிரிவில் பணி எண் ---- கொண்ட தொழிலாளி. எங்கள் ஊர் திரௌபதியம்மன் அக்னி வசந்த விழா இந்த ஆண்டு வைகாசி இரண்டாம் பாதியில் நடைபெறும். தேதி ஊர்க்கூட்டத்துக்குப் பின் தெரியும். தெரிந்த அன்றே அறிவிப்பு நகலுடன் எழுதித் தருகிறேன். எனக்கு அர்ச்சுனன் தபசு, படுகளம், தீமிதி ஆகிய 3 நாட்கள் விடுப்பும், காப்பு கட்டியிருக்கும் 10 நாட்களுக்கு முதல் ஷிஃப்ட்டும் தேவைப்படும். இரண்டாம், மூன்றாம் ஷிஃப்ட்டுக்கு மாற்று ஆளாக ---- ஒப்புக்கொண்டுள்ளார். பெற்றுக்கொண்டதற்கு நகலில் கையெழுத்திட்டுத் தர வேண்டுகிறேன்.”

இதில் கவனிக்க வேண்டியது ஷிஃப்ட். காப்பு கட்டியவர் ராத்திரி ஊர் எல்லை தாண்டித் தங்கக் கூடாது என்பது நம் பக்கத்து ஊர்களில் கட்டுப்பாடு. பலர் இதற்காகப் பத்து நாள் லீவு கேட்டு, பத்தும் மறுக்கப்பட்டு, வேலையை விட்டுவிடுகிறார்கள். உண்மையில் தேவை பத்து நாள் லீவு இல்லை, பத்து நாள் பகல் ஷிஃப்ட். மாற்று ஆள் பெயரையும் எழுதிவிட்டால், மறுப்பதற்குக் காரணம் தேட வேண்டியது அவர்கள் பொறுப்பாகிவிடும். தீமிதி புதன்கிழமை வந்தால் ஞாயிறு வேலை செய்து ஈடுகட்டுகிறேன் என்றும் எழுதலாம். வார விடுமுறையை மூன்று நாளுக்குள் முன்னே பின்னே நகர்த்துவது தொழிற்சாலைகளுக்குப் புதிதில்லை. பதினெட்டு நாள் விழா என்று சொல்லிப் பதினெட்டையும் கேட்காதீர்கள். கூத்துக் கட்டுகிறவர், தீச்சட்டி எடுக்கிறவர், வெறுமனே பார்க்கப் போகிறவர், மூவருக்கும் தேவை ஒன்றில்லை.

பாட்டி செத்துவிட்டாள் என்று பொய் சொல்வதைப் பற்றி. எல்லோரும் செய்வதுதான். சாமி பெயரைச் சொன்னால் லீவு கிடைக்காது என்பதால் செய்கிறார்கள், அதுவும் புரிகிறது. ஆனால் அன்று சாயங்காலமே மஞ்சள் வேட்டியோடு தீக்குழி முன்னால் நிற்கிற படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வந்துவிடுகிறது. மேஸ்திரியும் அதே குரூப்பில் இருப்பார். மறுத்தது அவர்கள் தப்பு என்றிருந்த வழக்கு, அந்தப் படத்தோடு பொய் சொன்னது உங்கள் தப்பு என்று திரும்பிவிடும். உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்ட ஒரு கடிதத்தின் நகல், பொய் சொல்லிக் கிடைத்த மூன்று நாளைவிட மேல்.

இன்னொரு குழி, மொத்தமாக நிற்பது. ஊர்க்காரர்கள் சேர்ந்து சொல்லாமல் நின்றால் பலம் என்று தோன்றும். 10 பேருக்குக் குறையாமல் பேசி வைத்துக்கொண்டு, முன்னறிவிப்பும் நியாயமான காரணமும் இல்லாமல் வராமல் இருந்தால் ஒவ்வொருவருக்கும் 8 நாள் சம்பளம் வரை பிடிக்கச் சம்பளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புதிய தொழில் உறவுத் தொகுப்பில், ஒரே நாளில் 50 சதவீதத்துக்குக் குறையாதவர்கள் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம். சிரசுக்குப் போனது ஸ்ட்ரைக் ஆகிவிடும். ஆகவே கூட்டாகக் கேளுங்கள்; லீவு விண்ணப்பம் மட்டும் ஒவ்வொருவரும் தனித்தனியாக.

அடுத்து உடம்பில் தெரிகிற அடையாளம். காப்பு என்பது மஞ்சள் தோய்த்த பருத்தி நூல், நடுவில் ஒரு மஞ்சள் துண்டோ வேப்பிலையோ முடிச்சிட்டு மணிக்கட்டில் கட்டுவது. முடிச்சுக்கு வெளியே இரண்டு மூன்று அங்குலம் நூல் தொங்கும். தோல் பதனிடும் கம்பெனியில் ஷேவிங் மிஷின், ஸ்பிளிட்டிங் மிஷின் ரோலர் முன்னால் அந்தத் தொங்கல் நிஜமான ஆபத்து. நூல் சிக்கினால் கை பின்னாலேயே போகும். டிரம் பக்கம் வேலை என்றால் குரோம் தண்ணீரில் ஊறிய நூல் தோலோடு ஒட்டிக்கிடந்து அரிப்பும் புண்ணும் வரும். இதையெல்லாம் சேஃப்டி ஆபீசர் சொன்னால் அவர் சொல்வது சரி. தொங்கலை ஒட்ட நறுக்கி, முடிச்சை உள்பக்கம் திருப்பி, முழங்கை வரை வரும் இறுக்கமான கையுறைக்குள் விட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். தீராத மிஷினில் அந்தப் பத்து நாளுக்கு டிரிம்மிங், செலக்‌ஷன், பேக்கிங் என்று மேஜை வேலை கேளுங்கள். கடிதத்தில் காப்பு அவிழ்க்கும் தேதியை எழுதிவிடுங்கள். என்றைக்கு முடியும் என்று தெரிந்தால் எதிர்ப்பு பாதியாகக் குறையும். கட்டும்போதே பூசாரியிடம் ‘சாமி, மிஷின் வேலை, மேல்கையில கட்டலாமா’ என்று கேட்பதிலும் தப்பில்லை. ஒத்துக்கொள்கிற பூசாரிகள் உண்டு.

பாதுகாப்பு உண்மையா, சாக்கா என்று கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: பக்கத்து ஆளின் கையைப் பாருங்கள். கைக்கடிகாரம், ராக்கி, திருப்பதிக் கயிறு, செம்பு வளையம் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னால் அது விதி. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது என்பது தொற்றுக் கட்டுப்பாட்டு விதி. மோதிரத்துக்கும் அதுதான், காப்புக்கும் அதுதான். அங்கே காப்போடு சண்டை போட வேண்டாம், கை கழுவாத வேலைக்கு மாற்றக் கேளுங்கள். ராக்கி இருக்கலாம், காப்பு மட்டும் கூடாது என்றால் அதை அன்றே தேதியோடு எழுதி வையுங்கள். செருப்புப் போடாத விரதத்துக்கு மட்டும் கம்பெனிக்குள் இடமில்லை. சுண்ணாம்பும் ஆசிடும் ஓடுகிற தரை அது. தோல் செருப்பு வேண்டாம் என்பதுதான் விரதம் என்றால் ரப்பர் கம்பூட் கேட்கலாம், ஈரப் பிரிவில் அது எப்படியும் இருக்கும்.

வேலை செய்கிறவன் உடம்பிலிருந்து சாமி அடையாளத்தை எடுக்கச் சொல்வதில் நம் ஊருக்குப் பழைய அனுபவம் உண்டு. சென்னைப் படையின் தளபதி கிரடாக் கொண்டுவந்த உத்தரவில் நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தாடி கூடாது, தோலில் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகை போட வேண்டும் என்றெல்லாம் இருந்தது. முதலில் மறுத்தவர்களுக்குக் கசையடி. 1806 ஜூலை 10 விடியுமுன் வேலூர்க் கோட்டையில் என்ன நடந்தது என்பது ஊருக்கே தெரியும். அந்த உத்தரவும் ‘யூனிஃபார்ம்’ என்ற பெயரில்தான் வந்தது. பிறகு திரும்பப் பெற்றார்கள்.

அம்மை போட்டால் வரும் சிக்கல் தனி. வீட்டு வாசலில் வேப்பிலை செருகி, தாளிக்காமல், ஆஸ்பத்திரிக்கும் போகாமல், தலைக்குத் தண்ணி ஊற்றும் வரை இருப்பார்கள். பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்கு வந்தால் சர்ட்டிஃபிகேட் எங்கே என்பார்கள். சொல்லாமல் 10 நாளுக்கு மேல் வராமல் இருப்பது, கம்பெனி வேலை விதிகளுக்கு அரசு வகுத்த மாதிரி நிலையாணைகளில், ஒழுங்கீனக் குற்றம். அம்மனுக்கு அடங்கி இருந்தவர் ஆப்சென்ட் ஆகிவிடுகிறார். சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, பங்களிப்புக் காலத்தில் 78 நாள் கட்டியிருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதச் சம்பளம் நோய்ப்பயனாக வரும். டாக்டர் சான்று இல்லாமல் ஒரு ரூபாய் வராது. ஆகவே முத்துப் போட்ட முதல் நாளே இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் காட்டிச் சான்று வாங்குங்கள். மாத்திரை போடுவதென்றாலும் முதல் 24 மணி நேரத்தில் போட்டால்தான் அதிகப் பலன். வேப்பிலையை எந்த டாக்டரும் தடுப்பதில்லை. எல்லா முத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும் வரை தொற்றும் என்பதால், அதுவரை வராதே என்று கம்பெனி சொல்வதைப் பாகுபாடு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், லைனில் கர்ப்பிணிகள் இருப்பார்கள். குணமாகி, சான்றும் காட்டிய பிறகு தண்ணீர்க் குடத்தைத் தொடாதே என்றால் அது வேறு விஷயம்.

கிடா வெட்டு ‘சட்டவிரோதம்’ என்று பயமுறுத்துகிறவர்களுக்கு: 1950ஆம் ஆண்டின் தமிழ்நாடு பலித் தடைச் சட்டத்தை 2003இல் கடுமையாக அமல்படுத்தப் பார்த்தார்கள், 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. அருள் வந்து ஆடுகிற பெண்ணைப் ‘பைத்தியம்’ என்று சொல்லி டாக்டரிடம் காட்டிவிட்டு வா என்பது இன்னொரு வழக்கம். வேலை நேரத்தில், வேலையிடத்தில் எதுவும் நடக்காதபோது கோயிலில் ஆடியதற்கு உடற்தகுதிச் சான்று கேட்டால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் பதில் வராது.

மறுத்தால் படிப்படியாகப் போங்கள். 20 பேருக்குக் குறையாத இடத்தில் குறைதீர் குழு இருக்க வேண்டும். விண்ணப்பம் கொடுத்த 30 நாளுக்குள் அது முடிக்க வேண்டும். அங்கே எழுதும்போது ‘மதம்’ என்று ஆரம்பிக்காமல், இன்ன தேதியில் இன்னாருக்கு இன்ன திருவிழாவுக்கு லீவு கிடைத்தது, எனக்கு மறுக்கப்பட்டது என்று பட்டியலிடுங்கள். தகுதி பாராமல் ஒரு சாராருக்குச் சலுகை காட்டுவது நியாயமற்ற தொழில் நடைமுறை என்று தொழில் உறவுத் தொகுப்பின் அட்டவணையிலேயே இருக்கிறது. உங்கள் பட்டியல் அதற்குள் போய் உட்காரும். பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலர். வேலையை விட்டே எடுத்துவிட்டால் 2 வருஷத்துக்குள் தொழில் தகராறாகக் கிளப்ப வேண்டும். தொழிற்சாலைத் தொழிலாளிக்கும், பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் வளாகத்தில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கு இதெல்லாம் கேட்டிலேயே முடிந்துவிடும்: ‘நாளைலேர்ந்து வராத.’ மெமோ இல்லை, உத்தரவு இல்லை. அவர்கள் திருவிழாவுக்கு முன்பே இ.எஸ்.ஐ. எண், பி.எஃப். எண், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு, கேட் பாஸின் இருபக்கப் படம் ஆகியவற்றைப் போனில் இல்லாமல் வேறிடத்தில் எடுத்து வைக்க வேண்டும். லீவுக் கடிதத்தைக் கான்ட்ராக்டருக்கும் கம்பெனிக்கும் சேர்த்து இரண்டு ஸ்பீடு போஸ்ட்டாக அனுப்ப வேண்டும். கேட்டில் நிறுத்திய அன்றே, எத்தனை மணிக்கு, யார் நிறுத்தியது என்று அதே இரண்டு முகவரிக்கும் இன்னொன்று. எக்காரணம் கொண்டும் வெள்ளைத் தாளிலோ, ‘சொந்தக் காரணத்தால் விலகுகிறேன்’ என்ற தாளிலோ கையெழுத்துப் போடக் கூடாது. பாக்கிச் சம்பளம் தருகிறேன் என்று அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

ஐ.டி.யில் இருந்துகொண்டு அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிற நம் பிள்ளைகளுக்கு நிலைமை வேறு. அங்கே மரத்தையும் நிலவையும் பல தெய்வங்களையும் கும்பிடுகிறவர்களைப் பேகன் என்பார்கள், கேலியும் குறைவில்லை. ஆனால் 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டத்தின் 7ஆம் தலைப்பு 15 பேருக்குக் குறையாத தனியார் முதலாளியையும் கட்டும். நம்பிக்கை உண்மையாக இருந்தால் போதும், பெரிய மதமாக இருக்க வேண்டியதில்லை. ஞாயிறு வேலைக்கு மறுத்த தபால்காரர் கிராஃப் வழக்கில் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், தொழிலுக்குக் கணிசமான கூடுதல் செலவு ஏற்படும் என்று காட்டினால்தான் முதலாளி மறுக்கலாம் என்றது. பாலாற்றங்கரை அங்காளம்மனுக்கு அங்கே லீவு கேட்கிறவர் ‘ஃபேமிலி ஃபங்ஷன்’ என்று எழுதினால் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது. மத வழிபாடு என்று எழுத வேண்டும்.